அவசர வாசலும் அண்டையார் ஹக்கும்

ஒரு நாள் இஷாவுக்குப் பின், நம் பள்ளிவாசலை அடுத்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், எங்கள் சங்கத்தார் பின்பக்கத்து அவசர கேட்டைப் பூட்டப் போகிறார்களாம். அந்த வழியாக வந்தால் பள்ளிக்கு இரண்டு நிமிஷம். முன்வாசலால் சுற்றினால் பத்து நிமிஷம். ஜமாஅத்துக்கு வருகிறவர்களைத் தடுப்பது கூடுமா?" என்று கேட்டார். நாம் அவர் பக்கம் பேசுவோம் என்ற நம்பிக்கை அவருக்கு.

மறுநாள் போய்ப் பார்த்தோம். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வருவதற்கென்றே விடப்பட்ட வாசல் அது. கேட்டு மூடிக்கொள்ளாதபடி ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உட்புறம் யாரோ ஒருவருடைய கார். வெளிப்புறம் நான்கு ஸ்கூட்டர்கள். அந்தப் பூட்டுக்கு ஏழு கள்ளச் சாவிகள் உண்டென்று வாட்ச்மேன் சொன்னார். பல ஜும்ஆக்களில் நமது ஸ்கூட்டரும் அங்கேதான் நின்றிருக்கிறது என்பதை மறைப்பானேன்?

நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஷரீஅத்தின் பெரும் விதிகளில் ஒன்று. அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவுக்குத்தான் என்று அடுத்த விதியே கட்டுப்போடுகிறது. இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களின் கிரந்தத்தில் இரண்டும் உண்டு. பசியால் உயிர் போகக் கிடப்பவன் செத்த பிராணியைப் புசிக்கலாம். அதையே வழக்கமான சாப்பாடாக்கிக்கொள்ள முடியுமா? இந்த வாசலும் அப்படித்தான். தீ, மாரடைப்பு, நடுநிசியில் பிரசவ வலி ஆகியவை ளரூரத். பால் வாங்கப் போவதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் வெறும் சௌகரியம்.

'ஜமாஅத்துக்குத்தானே?' என்பார்கள். பனூ ஸலிமா கூட்டத்தார் மதீனாவின் ஓரத்தில் குடியிருந்தார்கள். மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிபெயர நாடினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, இருந்த இடத்திலேயே இருக்கும்படியும், அவர்களுடைய காலடிச் சுவடுகள் நன்மையாக எழுதப்படுவதாகவும் கூறினார்கள். பத்து நிமிஷ நடையை நஷ்டம் என்று கணக்கிடுகிறவர் எந்தக் கணக்கைப் பார்க்கிறார்?

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஜும்ஆவுக்கு வண்டியில் வருவோர் அவசியம் அறியவேண்டியது. ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடத்தை நெருக்கி, வழியையும் அடைத்துவிட்டார்கள். அப்படிச் செய்தவருக்கு ஜிஹாதே இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். உயிரைக் கொடுக்கப் புறப்பட்டவர்களுக்கே இப்படியென்றால், வழியை மறித்து வண்டியை நிறுத்திவிட்டு நாம் தொழும் இரண்டு ரக்அத்தின் கதி என்ன? அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் நம் மார்க்கத்தவர் அல்லர். அவர்கள் வீட்டு நோயாளியை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் நம் ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்றால், அவர்கள் நம் தொழுகையைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் வெளியேறும் வழியை மறித்துக் கூடுதல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். போட்டவர்கள் யாரையும் கொல்ல நினைத்திருக்கமாட்டார்கள்.

சங்கத்தாரிடமும் நமக்கு ஒரு பேச்சு உண்டு. கோபத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் காரியதரிசி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டால், அதுவும் வழியை அடைத்ததுதான். உயர்ந்த கட்டடங்களின் வாசல் 6 மீட்டருக்குக் குறையக்கூடாது, கேட்டு மதிலோடு மடிந்து ஒதுங்கவேண்டும் என்று 2005-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொன்னது. துருப்பிடித்த கீல் எப்படி மடியும்? சாவி இரவும் பகலும் ஆள் இருக்கிற வாட்ச்மேன் அறையில் தொங்கட்டும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து எண்ணெய் விடட்டும். தப்புச் செய்தவரின் காரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு மானத்தை வாங்கவேண்டாம். முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டித் தனியே சொல்லட்டும்.

இவ்வளவையும் அந்தச் சகோதரரிடம் சொன்னோம். அவருக்குப் பிடிக்கவில்லை, ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் கழித்துத் தம்மிடமிருந்த கள்ளச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். மீதி ஆறு இன்னும் வந்து சேரவில்லை.