கொடுத்த கடனைக் கேட்பது நட்புக்கு முரணா?

கடன் வாங்கியவரின் பொறுப்பைப் பற்றி நமது பயான் மேடைகளில் குறைவின்றிப் பேசப்படுகிறது. ஷஹீதானவரின் பாவங்கள் யாவும் மன்னிக்கப்பட்டாலும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்ற ஹதீஸை மக்தப் பிள்ளைகள்கூட அறிவார்கள். 3 தீனார் கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்காமல் தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னதையும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம்மீது ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்ததையும் நாம் பலமுறை செவியுற்றிருக்கிறோம். ஆனால் கடன் கொடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? அதிலும் வாங்கியவர் நெருங்கிய நண்பராக இருந்து, வசதி வந்த பிறகும் தராமல் நாளைக் கடத்துவாராயின், கொடுத்தவருக்கு மார்க்கம் காட்டும் வழி யாது? இதை நாம் அதிகம் பேசுவதில்லை. பேசாத காரணத்தால் நம்மவர்களில் பெரும்பாலோர் தாமாகவே ஒரு வழியை வகுத்துக்கொண்டார்கள். வாயைத் திறவாமல் இருந்துவிடுவதுதான் அந்த வழி.

இந்த மௌனத்தின் இலட்சணத்தைச் சற்று அருகிலிருந்து பாருங்கள். ஒருவர் தம் நண்பருக்கு, அவருடைய தங்கை நிக்காஹ்வுக்காக 40,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் தருவதாகப் பேச்சு. இரண்டு வருடம் ஆயிற்று. இதற்குள் நண்பர் வீட்டுக்கு டைல்ஸ் போட்டார். புது வண்டி வாங்கினார். மகனின் கத்னாவுக்கு ஊரைக் கூட்டி பிரியாணி போட்டார். கடன் கொடுத்தவரும் அந்த விருந்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஜும்ஆ தோறும் இருவரும் முஸாபஹா செய்துகொள்கிறார்கள். குழந்தைகளின் நலம் விசாரிக்கிறார்கள். பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் புலம்புகிறார். மச்சினரிடம் சொல்கிறார். டீக்கடையில் சொல்கிறார். கேட்க வேண்டிய ஒருவரைத் தவிர ஊரில் எல்லாரும் கேட்டாயிற்று! "ஏன் அவரிடமே கேட்கக் கூடாது?" என்றால், "விடுங்க ஹஜ்ரத், அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிட்டேன்" என்கிறார்.

இது பொறுமையா? மன்னிப்பா? அவகாசமா?

மார்க்கம் கடன் கொடுத்தவருக்கு மூன்று நிலைகளைக் காட்டித் தருகிறது. கேட்டு வாங்கலாம், அவகாசம் தரலாம், விட்டுக்கொடுக்கலாம். நம் மௌனம் இந்த மூன்றில் எதிலும் சேராது. அல்பகரா அத்தியாயத்தின் 280-வது வசனத்தில், கடன் பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், அதைத் தர்மமாகவே விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்றும் அல்லாஹ் கூறுகின்றான். இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘கஷ்டத்தில் இருந்தால்’ என்பது. அவகாசம் பெறும் உரிமை இல்லாதவருக்கு உரியது. இருப்பவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பு வேறாகச் சொல்லியிருக்கிறார்கள்: வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநீதி. புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. அதில் அவர்கள் பயன்படுத்திய சொல் ‘ளுல்மு’. சாதாரணச் சொல் அல்ல.

இன்னொரு ஹதீஸையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உன் சகோதரன் அநீதி செய்பவனாக இருந்தாலும், அநீதிக்கு ஆளானவனாக இருந்தாலும் அவனுக்கு உதவி செய் என்று அருளினார்கள். அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று ஸஹாபாக்கள் வினவியபோது, அவனை அநீதியிலிருந்து தடுப்பதே உதவி என விளக்கினார்கள். அப்படியானால், உயிர் நண்பன் என்று சொல்லிக்கொண்டு அவரை நாள்தோறும் ளுல்மில் இருக்கவிட்டு, அந்தச் சுமையோடு கப்ருக்கு அனுப்பத் துணிகிறோமே, இது எந்த ஊர் நட்பு? கேட்பது நட்புக்கு முரண் அன்று. கேட்காமல் விடுவதே முரண் என்று எனக்குத் தோன்றுகிறது.

"கேட்க வெட்கமாக இருக்கிறது" என்பார்கள். ஒரு மனிதர் நாயகம் (ஸல்) அவர்களிடமே கடனைக் கேட்டு வந்தார், கடுமையாகவும் பேசினார். தோழர்கள் கொதித்தெழுந்தார்கள். அவரை விட்டுவிடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவருக்குத் தர வேண்டிய ஒட்டகத்தை விடச் சிறந்ததையே கொடுக்கச் சொன்னார்கள். அகிலத்தின் அருட்கொடையிடமே கேட்கலாம் என்றால், அடுத்த தெரு நண்பரிடம் கேட்க என்ன வெட்கம்?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி மதீனாப் பள்ளிவாசலில் நடந்தது. கஅபு பின் மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன் தர வேண்டியிருந்தது. பள்ளியிலேயே கேட்டார்கள். பேச்சு வளர்ந்து இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நாயகம் (ஸல்) அவர்களின் செவிக்கு அது எட்டியது. அறையின் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கஅபை அழைத்தார்கள். பாதியைத் தள்ளிவிடுமாறு கையால் சைகை செய்தார்கள். "அப்படியே செய்துவிட்டேன்" என்றார் கஅபு. உடனே மற்றவரை நோக்கி, எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி உத்தரவிட்டார்கள்.

ஏன் கேட்டாய் என்று கஅபு கண்டிக்கப்படவில்லை. குரல் உயர்ந்ததற்காக அந்த இருவரின் தோழமை முறிந்துவிடவும் இல்லை. முதலில் கொடுத்தவரிடம் சலுகை கேட்கப்பட்டது. அடுத்த கணமே வாங்கியவருக்குக் கட்டளை போடப்பட்டது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இந்த ஹதீஸின் முதல் பாதி மட்டுமே அமுலில் இருக்கிறது! "பாதியைத் தள்ளிக்கொடுங்க காக்கா" என்று கொடுத்தவரின் கையைப் பிடிக்க நாலு பேர் வருகிறார்கள். "எழுந்து போய்க் கொடு" என்று மற்றவரிடம் சொல்ல ஒருவரும் வருவதில்லை.

நண்பர் இல்லாதவரா, இருந்தும் தராதவரா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அதைத் தெரிந்துகொள்ளவும் கேட்டே ஆக வேண்டும். முன்னே சொன்ன அதே அபூகதாதா (ரலி) அவர்களிடம் கடன் வாங்கிய ஒருவர் அவர்களைக் கண்டு ஒளிந்துகொண்டார். தேடிக் கண்டுபிடித்தபோது, தாம் கஷ்டத்தில் இருப்பதாகச் சொன்னார். அல்லாஹ்வின் மீது ஆணையாகவா என்று கேட்டார்கள். ஆம் என்றார். பிறர் கஷ்டத்தை நீக்குபவரை அல்லாஹ் கியாமத்து நாளின் துன்பங்களிலிருந்து காப்பான் என்ற நபிமொழியை அபூகதாதா (ரலி) அவர்கள் அந்த இடத்திலேயே எடுத்துரைத்தார்கள். தேடிப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் அந்த மனிதரின் கஷ்டம் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? நாமோ டைல்ஸையும் வண்டியையும் பார்த்து நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்த வண்டி தவணையில் வாங்கியதா, கத்னா விருந்துக்கு மாமனார் கொடுத்தாரா என்பது யாருக்குத் தெரியும்?

டீக்கடைப் பேச்சுக்கு வருவோம். வசதியிருந்தும் தாமதிப்பவர் தம் மானத்தை ஹலாலாக்கிவிடுகிறார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உள்ளது. இதைப் பிடித்துக்கொண்டு எதையும் பேசலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘எனக்குத் தராமல் இழுத்தடிக்கிறார்’ என்று சொல்லும் அளவுதான் அந்த அனுமதி என்று இமாம்கள் வரையறுத்துள்ளார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் அதை நீக்க வல்லவரிடம் முறையிடுவது புறமாகாது என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். முத்தவல்லியிடம் சொல்லலாம், நண்பரின் தகப்பனாரிடம் சொல்லலாம், வழக்கும் தொடுக்கலாம். டீ ஆற்றுபவரால் எந்தக் கடனை வசூலித்துத் தர முடியும்? கேட்க வேண்டியவரிடம் மௌனமாகவும் கேட்க வேண்டாதவர்களிடம் வாயாகவும் இருப்பவர், தமக்கு வர வேண்டிய நன்மையை ஒவ்வொரு கிளாஸ் டீயோடும் நண்பருக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டு வந்தார். அவரும் அவர் நண்பரும் வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். நண்பர் அவருக்கு 30,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. மூன்று வருடக் கடன். இவர் விடுமுறையில் ஊர் வரும்போது, தம் தாயாரின் கண் ஆபரேஷனுக்காக நண்பர் 25,000 கொடுத்தனுப்பியிருக்கிறார். "இதை என் கடனில் கழித்துக்கொண்டால் கூடுமா?" என்பது கேள்வி.

எளிதான கேள்வி அன்று. கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று முறையிட்ட ஹிந்த் (ரலி) அவர்களுக்கு, முறையான அளவு அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தர மறுப்பவரின் பொருள் கைக்குக் கிடைத்தால் தம் உரிமையளவு எடுத்துக்கொள்ளலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபில் சொல்லப்படுவதற்கு இதுவும் ஆதாரம். மறுபுறம், உனக்கு மோசடி செய்தவனுக்கும் நீ மோசடி செய்யாதே என்ற ஹதீஸும் இருக்கிறது. அமானிதத்தில் கை வைக்கலாகாது என்போருக்கு அது ஆதாரம். நான் அவரிடம், "இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது வாய்விட்டுக் கேட்டீர்களா?" என்றேன். "இல்லை, அவனுக்கே தெரியாதா?" என்றார். கேட்கப்படாதவர் மறுத்தவர் ஆகமாட்டார். மறுக்காதவரின் பொருளை எடுக்க எடுத்துக்கொள்ளலாம் என்ற இமாம்களும் இடம் தரவில்லை. பணத்தைத் தாயாரிடம் சேர்த்துவிட்டு, நண்பருக்குப் போன் செய்து நேராகக் கேட்குமாறு சொன்னேன். கேட்டார். வந்த பதில் இதுதான்: "மச்சான், நீ கேக்கவே இல்லையா, விட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்!"

அது உண்மையோ சாக்கோ, அல்லாஹ்வே அறிவான். பத்தாயிரம் வந்தது, மீதி வரவில்லை. ஆனாலும் மூன்று வருட மௌனம் ஒருவருக்குப் பொறுமையாகவும் மற்றவருக்கு அன்பளிப்பாகவும் தோன்றியிருக்கிறது பாருங்கள். வாய் திறவாதவரின் பேரில் எந்தச் சொல்லையும் ஏற்றிச் சொல்ல முடியாது என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பெயரால் ஒரு ஃபிக்ஹு விதி உண்டு. அதன்படி மௌனத்தால் கடன் தள்ளுபடி ஆகாது. விட்டுவிட்டதாக நண்பர் எண்ணிக்கொண்டாலும் கடன் அப்படியே கழுத்தில் இருக்கும்.

கேட்கும் முறையும் உண்டு. தனியாகக் கேளுங்கள். நிக்காஹ் மஜ்லிஸிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ கேட்பது கேட்பதாகாது, அவமதிப்பதாகும். தொகையைச் சொல்லுங்கள், என்றைக்கு என்று தேதி கேளுங்கள், மாதம் ஆயிரம் என்றாலும் ஒப்புக்கொள்ளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனமான அல்பகராவின் 282-வது வசனம், தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. இந்த நாட்டுச் சட்டத்திலும் எழுத்துக்கு வேலை இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த கடனுக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருடமே கெடு. அதற்குள் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டுக் கொடுத்தால், அன்று முதல் புதிதாகக் கணக்கு தொடங்கும். கோர்ட்டில் கெடு தாண்டிவிட்டது என்பதனால் நண்பர் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். ஆகிரத்தில் அந்தக் கெடு இல்லை.

இடைக்காலத்தில் அவர் கடையில் இலவசமாகச் சாமான் வாங்குவது, அவர் வண்டியைச் சொந்த வண்டி போல் ஓட்டுவது, இவற்றில் எச்சரிக்கை தேவை. கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலைத் தந்தாலும் வாங்காதே, அது வட்டி என்று அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள் எச்சரித்தது புகாரீயில் இருக்கிறது. முன்பிருந்தே அப்படிக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அது வேறு விஷயம்.

எல்லாம் செய்தும் தரவில்லை என்றால்? உரிமையை மறுமைக்கு வைத்திருப்பது பாவமன்று. விட்டுக்கொடுப்பது அதைவிட மேல். எதைச் செய்தாலும் தெரிந்து செய்யுங்கள். விடுவதாக இருந்தால் வாயால் சொல்லி விடுங்கள். விட்டபின் மீண்டும் கேட்க உரிமையில்லை; டீக்கடையில் சொல்லிக்காட்டவும் உரிமையில்லை. ரமளானில் சிலர், "அவனிடம் இருப்பதை ஸகாத்தில் கழித்துவிட்டேன்" என்கிறார்கள். கையிலிருக்கும் பணத்துக்குரிய ஸகாத்தை இப்படி வராத கடனைக் கொண்டு தீர்க்க ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் உறுதியான சொல்லின்படி இடமில்லை. நண்பர் உண்மையில் ஸகாத்துக்குத் தகுதியானவர் என்றால், நிபந்தனை எதுவுமின்றி ஸகாத்தைக் கையில் கொடுங்கள். அதைக்கொண்டு அவராகக் கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மௌனமாக இருந்தவர் மௌத்தாகிவிட்டால், அந்தக் கடன் அவருடையதாக இராது, வாரிசுகளின் சொத்தாகிவிடும். மரண நோயில் படுத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தால் அது வஸிய்யத்தைப் போல, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகள் சம்மதமின்றிச் செல்லாது. இறந்த பிறகு மனைவியும் பெரிய மகனும் தத்தம் பங்கை மன்னிக்கலாம். பருவமடையாத பிள்ளையின் பங்கை மன்னிக்கத் தாய்க்கும் அதிகாரமில்லை, அண்ணனுக்கும் அதிகாரமில்லை. ஜும்ஆவில் கை குலுக்கிய அந்த நண்பர், விளையாடித் திரியும் ஒரு யத்தீமுக்குக் கடனாளியாகி நிற்பார். அவரிடம் போய்க் கேட்கவும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தகப்பனார்தான் யாரிடமும் எழுதி வைக்கவில்லையே!