ஒன்றும் செய்யாதவள்

சாண்ட்ரா ஷோயருக்காகத்தான் என் மாணவிகள் முதலில் வருந்துகிறார்கள். 1970 மே 4, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். கம்போடியாவுக்குள் படை அனுப்புவதாக நிக்சன் அறிவித்து நான்கு நாள்கள்தான் ஆகியிருந்தன. வளாகத்தில் போர் எதிர்ப்புக் கூட்டத்துக்குத் தடை. மாணவர்கள் கூடினார்கள். தேசியக் காவல்படை 13 விநாடிகளில் 67 முறை சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் 20 வயது சாண்ட்ரா, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள்.

"பாவம் மேடம், அவ ஒண்ணுமே செய்யல."

19 வயது அலிசன் க்ராஸ் போரை எதிர்க்கவே வந்திருந்தாள். சுட்டவர்களிடமிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால், ஆயுதமின்றி இருந்தாள். சாண்ட்ரா ஒன்றும் செய்யவில்லை என்று அழும்போது, அலிசன் ஏதோ செய்துவிட்டாள் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். தாக்கப்பட்ட பெண்ணுக்குப் பரிந்து "வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தா" என்கிறோமே, அதே பேச்சுதான். நேராக வராதவளுக்கு அதில் இடமில்லை.

மாணவர்கள் கல்லெறிந்தார்கள், இரண்டு நாள் முன்பு வளாகத்தில் ராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது, உண்மைதான். எரித்தவரை விசாரிக்கலாம். ஆனால் அன்றைய கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் பழி போட்டது மாணவர்கள்மேல். காவல்படைமேல் 11 சதவீதம்தான். பேச்சுரிமை அந்த நண்பகலில் சாண்ட்ராவுக்குத் தேவைப்படவில்லை. அலிசனுக்குத்தான் தேவைப்பட்டது.

இதை நான் மேட்டிமையாகச் சொல்ல முடியாது. 2009 தொடக்கத்தில், ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்தபோது, நான் விடுதி வார்டன். போரை நிறுத்தச் சொல்லும் துண்டறிக்கையை வாசலில் கொடுத்ததற்காக ஒரு முதுகலை மாணவியை விசாரணைக்கு அழைத்தார்கள். விடுதியைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. "நல்ல பொண்ணு சார், சும்மா வேடிக்கை பாத்துட்டு நின்னா, யாரோ கையில திணிச்சிட்டாங்க" என்றேன். நம்பினார்கள். அவள் தப்பித்தாள். அவளைக் காப்பாற்றியதாகப் பல வருடங்கள் பெருமையாக நினைத்திருந்தேன். அந்தப் பொய் அவளுக்கு வேறொன்றும் மிச்சம் வைக்கவில்லை என்பது உறைக்கவேயில்லை. விடுதி வரை என்னோடு பேசாமல் நடந்துவந்தாள். படியேறும்போது மட்டும் திரும்பினாள்.

"அது நான் எழுதினது மேடம்."