பந்தயத்தைவிட உயிர் பெரிது

1988 சியோல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டி. பலத்த காற்று, உயரமான அலை. கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாமிடத்தில் போய்க்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, கவிழ்ந்த படகோடு இரண்டு சிங்கப்பூர் வீரர்கள் தத்தளிப்பதைப் பார்த்ததும் படகைத் திருப்பினார். இருவரையும் காப்பாற்றி, மீட்புப் படகில் ஒப்படைத்த பிறகே பந்தயத்தைத் தொடர்ந்தார். பந்தயத்தில் பின்தங்கினார். ஆனால் அன்று வென்றவரைவிட இவர் பெயரைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

அந்த மனசு நம் தாமிரபரணிக் கரையிலும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பாலம் சேதமடைந்து ஏரல் ஊர் தனித்தீவானது. பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்த அந்த நேரத்தில், அருகிலுள்ள புதுக்குடி கிராம மக்கள் கையிலிருந்த அரிசியைப் பொங்கி, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளின் பசியை ஆற்றினார்கள். இதற்குக் கோப்பையும் இல்லை, மேடையும் இல்லை.

விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியாலே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கீழே விழுந்தவனைத் தூக்கிவிட்டியா?" என்றும் கேளுங்கள்.