புதுப்பித்த விளக்கு பழைய விளக்கா?

கார்பைடு மேசை விளக்குக்கு இரண்டு அறைகள். மேலே தண்ணீர், கீழே கார்பைடு கல். ஊசித் திருகைத் தளர்த்தினால் நீர் கல்லின்மேல் சொட்டும்; அசிட்டிலீன் வாயு எழும். எரிமுனையின் இரு துளைகளிலிருந்து வரும் வாயு ஒன்றோடொன்று மோதி, அகன்ற வெண்சுடராக எரியும். கல் சுண்ணாம்புச் சேறாகிவிடும். 1892-இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் கால்சியம் கார்பைடு செய்யும் வழியைத் தற்செயலாகக் கண்ட பிறகு இவ்விளக்குகள் பரவின. மின்சாரம் வந்ததும் பரணேறின.

இவற்றைப் புதுப்பிப்பவர் இற்றுப்போன ரப்பர் வளையத்தை மாற்றுகிறார். அடைத்துப்போன எரிமுனையை எடுத்துவிட்டுப் புதியது பொருத்துகிறார். அரித்த அடித்தட்டுக்கு வேறு தட்டு வைத்துப் பற்றவைக்கிறார். அதன்பின் எரிவது பழைய விளக்குதானா? சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி இது.

‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாலி நூலில் நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கையே சான்று காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, முற்றிலும் வேறும் அல்ல. இருப்பது தொடர்ச்சி மட்டுமே. சுடரைப் பொறுத்தவரை இதை மறுக்க முடியாது. ஆனால் சுடரை ஏந்தும் பித்தளைக்கு இது போதுமா?

போதாது என்பது சமணர் கட்சி. பௌத்தரோடு வாதிடும் தமிழ்ச் சமண நூல் ‘நீலகேசி’. பொருள் நிலைக்கிறது, அதன் நிலைகள் தோன்றி மறைகின்றன. இரண்டும் உண்மை என்பது சமணக் கொள்கை. திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டை நெசவாளருக்கு இது புதிதல்ல: நாடாவும் விழுதும் எத்தனை முறை மாறினாலும் தறி அப்பா நெய்த தறிதான்.

சைவ ஆகமங்கள் இன்னொரு வழி காட்டுகின்றன. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயத்தில் வைத்து வழிபடுவார்கள். வேலை முடிந்ததும் குடமுழுக்கில் மீண்டும் மூலவரிடம் சேர்ப்பார்கள். அங்கே கல்லும் சுதையும் மாறலாம்; எழுந்தருளியிருப்பவர் மாறுவதில்லை. ஆனால் விளக்குக்கு அப்படி ஆவாகனம் செய்ய ஒன்றுமில்லை. அதன் அடையாளம் முழுவதும் உலோகத்திலும் அதில் பதிந்த தழும்புகளிலும் இருக்கிறது.

ஆகவே விளக்குக்குப் பொருந்துவது சமணர் விடையே. தேய்வதற்கென்றே அமைந்த வளையத்தையும் எரிமுனையையும் தயங்காமல் மாற்றலாம். உடலையும், செய்தவர் முத்திரையையும், பழைய கை பட்ட நெளிவையும் தேய்த்து அழித்தால் கிடைப்பது வேறு விளக்கு. வடிவம் ஒத்திருந்தால் போதும் என்று நினைப்பது ஆபத்தும்கூட: பித்தளைக் குழாய் இருந்த இடத்தில் அதே அளவில் செம்புக் குழாய் வைத்தால், அசிட்டிலீன் செம்போடு சேர்ந்து, உரசினாலே வெடிக்கும் உப்பாகிவிடும்.