தொடுவதற்கு உரிமை தருவது யார்?

சாரல் காலத்தில் இலஞ்சி வழியாகக் குற்றாலம் சென்றவர்கள் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவோரைக் கண்டிருப்பார்கள். வந்தவரை அமர்த்தி, தலைமுதல் கால்வரை எண்ணெய் வழிய நீவிவிடுவார்கள். அவர்களிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை, கேட்க வேண்டியதுமில்லை. நலமாயிருப்பவன் சுகத்துக்காகத் தன் உடலைக் கொடுக்கிறான். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். எழுந்து போக இயலாதவனின் உடலைத் தொடுவது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து கிடந்தார். நான் நற்கருணை கொண்டு சென்ற நாளில், ‘பிசியோதெரபி’ என்று பலகை மாட்டித் தொழில் செய்துவந்த ஒருவர், அவருடைய கையைத் தலைக்குமேல் இழுத்து இழுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் அலறினார். “வலிச்சாத்தான் சாமி நரம்பு விடும்” என்றார் வந்தவர். நானும் நம்பினேன், “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று பெரியவருக்கு ஆறுதல் வேறு சொன்னேன். பின்னர், முறையாகப் படித்த ஒருவர் பார்த்தபோது தோள்மூட்டு இறங்கியிருந்தது. பக்கவாதத்தில் தசைகள் தளர்ந்த தோளை, கையின் எடையே கீழே இழுத்துவிடுமாம். அதைத் தாங்கிப் பிடித்துத்தான் அசைக்க வேண்டும், இழுக்கலாகாது.

இழுத்தவர் கெட்டவர் அல்லர். ஏதோ ஒரு சிகிச்சை நிலையத்தில் சில மாதங்கள் உதவியாளராயிருந்து, கண்ணால் கண்டதைக் கற்றவர். ஏழைகளிடம் குறைவாகவே வாங்கினார். இதுவே என்னை நெடுநாள் உறுத்தியது. நல்ல மனம் போதாதா? எரிகோ சாலையில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டிய சமாரியரிடம் எந்த அரசு உரிமம் இருந்தது?

அந்த உவமையைத் திரும்பப் படித்தபோது, நான் கவனிக்கத் தவறிய ஒன்று கண்ணில் பட்டது. சமாரியர் வழியில் முதலுதவி செய்துவிட்டு மறைந்துவிடவில்லை. சாவடிப் பொறுப்பாளரிடம் காயம்பட்டவரை ஒப்படைத்து, தாம் திரும்பி வரும்போது மீதிச் செலவைத் தருவதாகவும் வாக்களித்தார். அதாவது, தாம் தொட்ட உடலுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மை ஆக்கிக்கொண்டார். எங்கள் கொத்தனாரின் தோள் இறங்கியபின் தேடியபோது அந்தப் பலகையைக் காணவில்லை.

உரிமம் என்பதை நான் இப்போது இப்படித்தான் காண்கிறேன். அது திறமையைப் படைப்பதில்லை. பட்டம் பெற்ற கைகளும் பிழை செய்யும். ஆனால் பதிவேட்டில் பெயருள்ளவரைத் தேடிப்பிடிக்கலாம், பதில் கேட்கலாம், பெயரை நீக்கவும் செய்யலாம். 1996-இல் உச்ச நீதிமன்றம் பூனம் வர்மா வழக்கில், ஹோமியோபதி படித்தவர் தாம் கற்காத ஆங்கில மருந்துகளைக் கொடுத்ததே கவனக்குறைவு என்றது. அவருடைய உள்நோக்கத்தை நீதிமன்றம் துருவவில்லை.

இயன்முறை மருத்துவத்துக்கு இத்தகைய வரம்பு வெகு தாமதமாகவே வந்தது. தில்லி 1997-லும் மகாராஷ்டிரம் 2002-லும் தனிச் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்குமான சட்டம் 2021 மார்ச்சில்தான் பிறந்தது: 3 முதல் 6 ஆண்டுகளில் 3,600 மணி நேரத்துக்குக் குறையாத கல்வி, தேசிய ஆணையம், மாநில மன்றங்கள், பதிவேடுகள். அதற்குப் பிறகும் மன்றங்கள் அமையாமல், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாத அவகாசம் விதிக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போடலாமா என்ற பூசல் வேறு! 2025 செப்டம்பரில் போடலாகாது என்று தில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாளே அது நிறுத்திவைக்கப்பட்டது. இறங்கிய தோளுக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஆயினும் சட்டம் ஒதுங்கி நிற்க வேண்டிய இடமும் உண்டு. திருச்சபைச் சட்டத்தில் இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் பாவமன்னிப்பு வழங்கக் குருத்துவம் மட்டும் போதாது. அதற்கான அதிகாரமும் வேண்டும். ஆனால் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தால், அதிகாரம் இல்லாத குருவும் மன்னிப்பு வழங்கலாம். கட்டுப்பாடு மனிதருக்காக ஏற்பட்டது. அவர் கைவிடப்படும் நேரத்தில் அதுவே வழியைத் திறந்துவிடுகிறது. அரசின் சட்டமும் இவ்வாறே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கல்லாதவரை விலக்கிய பிறகு, கற்றவரை ஏழையின் வாசலுக்கு அனுப்புவது யார்? அனுப்பாமல் விலக்க மட்டும் செய்தால், கொத்தனார் கட்டிலிலேயே கிடப்பார்; சட்டமோ தூய்மையாக இருக்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடுகளுக்கு வந்தபோது, இந்தக் கேள்விக்குப் பாதி விடையாவது கிடைத்தது. எங்கள் கொத்தனார் வீட்டுக்கும் ஓர் இளம்பெண் வந்தார். பட்ட அனுபவத்தால் அவருடைய மனைவி வாசலிலேயே மறித்து, “ஏம்மா, நீ முறையாப் படிச்சவதான?” என்று கேட்டாராம். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்துக் காட்டி, “எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்துட்டே உள்ள விடுங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு, படித்து முடிக்கும்வரை திண்ணையில் காத்திருந்தாராம்.