இரண்டாம் இதயம் யாருக்கு?

1967 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் அறுவை மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் இதயம் மாற்றிய சிசு, சில மணி நேரமே உயிரோடிருந்தது. 1985இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் லெனார்ட் பெய்லி, பிறந்து நான்கே நாளான குழந்தைக்கு அதே அறுவையைச் செய்தார்; அந்தக் குழந்தை வளர்ந்து ஆளாயிற்று. இன்று கைக்குழந்தையாக இதயம் பெறுபவர்களில் பாதிப்பேருக்கு மேல் 20 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மாற்று இதயம் ஆயுளுக்கும் வருவதில்லை. அதன் ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. நரம்புத் தொடர்பு அறுபட்ட இதயம் என்பதால் பெரும்பாலும் நெஞ்சுவலிகூட வராது. நான்கு வயதில் இதயம் பெற்ற சிறுமி, இருபதுகளில் இன்னொன்றுக்காகக் காத்திருக்க நேரலாம்.

உடல் மாற்று இதயத்தை நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரையை அவள் பதினேழு வயதில் நிறுத்தியவளாக இருந்தால்? பதின்பருவத்தில் இது அரிதல்ல. ஸ்டீராய்டு முகத்தை ஊத வைக்கிறது. சைக்ளோஸ்போரின் வேண்டாத இடங்களில் முடியை வளர்க்கிறது. இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் உடம்புக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியாது. தெரியவரும்போது இதயம் கெட்டிருக்கும்.

அவளுக்கு இரண்டாவது இதயம் தரக்கூடாது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறு பிள்ளைக்குப் பொருந்தும் இதயம் பெரும்பாலும் இறந்துபோன இன்னொரு பிள்ளையிடமிருந்து வருவது. அதைக் கொடுத்த பெற்றோர் இருக்கிறார்கள். இப்போது வரிசையில், முதல் இதயத்துக்கே வழியில்லாத வேறொரு பிள்ளையும் இருக்கிறது. கிடைத்ததைக் காக்காதவளுக்கு மறுபடியும் ஏன்?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. புது இதயம் அவளிடம் நிலைக்குமா என்பது ஒன்று. அவள் அதற்குத் தகுதியானவளா என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்காமல் மருத்துவர் முடிவெடுக்க முடியாது. கடும் நிராகரிப்பு ஏற்பட்ட சூட்டோடு செய்யும் மறுமாற்றம் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. பல ஆண்டு கழித்துக் குழாய்ச் சுருக்கத்துக்காகச் செய்வது ஓரளவு நன்றாகவே நிற்கிறது. அந்தக் கணக்கில் மறுக்கப்பட்டால் அது கொடுமைதான், அநீதியல்ல.

தகுதி வேறு விஷயம். மாத்திரையோடு வாழ்வதென்ற ஒப்பந்தத்தில் நான்கு வயதில் அவளுக்காகப் பெற்றோர் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, உண்மைதான். ஆனால் அவளைக் கேட்டு யாரும் இடவில்லை. தன் நினைவுக்கு எட்டாத வாக்குறுதியைப் பதினேழு வயதில் மீறியதற்கு மரணத்தை விலையாகக் கேட்கும் உரிமை, இதயம் யாருக்கென்று முடிவெடுக்கும் எந்த மருத்துவமனைக் குழுவுக்கும் கிடையாது.

நிலைக்குமா என்று கணிப்பதிலும் தண்டனை நைசாக நுழைந்துவிடும். 2013இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை, மருத்துவர் சொற்படி நடக்க மாட்டான் என்று கருதிப் பதின்வயதுப் பையனைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்க மறுத்தது. பொதுமக்கள் கொதித்ததும் முடிவை மாற்றிக்கொண்டது. இரைச்சலுக்கு மாறும் கணிப்பை மருத்துவக் கணிப்பென்று எப்படி நம்புவது? உரத்துப் பேச ஆளில்லாத பிள்ளைகளுக்கு அந்த மாற்றமும் கிடைக்காதே.

மாத்திரை விடுபடும் ஆபத்து கூடுவது, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வயதில். பழகிய செவிலியர் அங்கே இருக்கமாட்டார், அம்மாவும் கூட வரமாட்டாள். அவளுக்கு மறுப்பு எழுதும் குழு, அவள் மாத்திரையை விட்டிருந்த மாதங்களில் மருத்துவமனையிலிருந்து யார் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதியாக வேண்டும்.