யாருக்காகச் சீவுகிறோம்?

அன்பு என்றதும் நமக்கு ஒரு முகம்தான் நினைவுக்கு வருகிறது. சிரிக்கும் குழந்தையின் முகம். வாசலில் காத்திருக்கும் தாயின் முகம். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும் நாயின் முகம். ஆனால் அன்புக்கு அன்றாடம் நேரும் வேலையோ முகத்தோடு முடிந்துவிடுவதில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகும்; முதியவருக்குப் படுக்கை நனையும்; நாய்க்கு ரோமம் உதிரும். முகத்தை நேசிப்பது யாருக்கும் எளிது. உதிர்வதைக் கூட்டி அள்ளும்போதுதான் மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது.

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டில் மணி என்றொரு வெள்ளைச் சடைநாய் இருக்கிறது. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கிறோமே, அந்த ஜாதி. மேலே நீண்ட முரட்டு ரோமம். அதற்கடியில் பஞ்சுபோல மென்மையான இன்னொரு ரோமம். அடியில் இருக்கும் பஞ்சுதான் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் அது இல்லாத இடம் இல்லை. கறுப்புக் கால்சட்டையில் இருக்கும். சுவாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். தயிர்சாதத்திலும் ஓர் இழை இருக்கும். "இந்த வீட்டிலே நாய் வளர்க்கிறோமா, இலவம்பஞ்சு வியாபாரம் பண்றோமா?" என்று என் மனைவி கேட்பது வருஷம் தவறாத சடங்கு.

இயற்கை இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறது. பகல் நீள்வதையும் குறுகுவதையும் நாயின் உடல் உணர்கிறது; அதை ஒட்டியே ரோமத்தைக் கழித்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. லண்டன் போன்ற ஊரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நம் சென்னையிலோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். போதாததற்கு இரவெல்லாம் வீட்டில் மின்விளக்கு வேறு எரிகிறது. ஆகவே இங்கே வீட்டுக்குள் வளரும் சடைநாய்க்குப் பருவக் கணக்கு சரியாகப் பிடிபடுவதில்லை. கோடையில் அதிகமாகவும் மற்ற மாதங்களில் கொஞ்சமாகவும் வருஷம் முழுவதும் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

அதற்கு நாம் செய்யக்கூடியது சீவிவிடுவது ஒன்றுதான். வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் மணியை உட்கார வைப்பேன். முதலில் அகலப் பல் சீப்பு. பிறகு வளைந்த கம்பிப் பற்கள் வைத்த பிரஷ். வாலின் பக்கமிருந்து தொடங்கி, ரோமத்தை ஒரு கையால் விலக்கிப் பிடித்து, அடுக்கடுக்காகத் தோல்வரை சீவ வேண்டும். மேலோடு தடவினால் மேலே அழகாயிருக்கும். அடியில் சிக்கு விழுந்துகொண்டிருக்கும். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், தொடையின் உட்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் சிக்கு சீக்கிரம் பிடிக்கும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கை எடுத்துவிட வேண்டும். நனைந்தால் அது இறுகிவிடும். குளிப்பாட்டியபின் அடிரோமம்வரை உலர்த்தாவிட்டால் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். சீவும்போதே விரல்கள் உண்ணி தேடும். ஓரிடத்தில் மட்டும் வட்டமாக ரோமம் கொட்டியிருந்தாலோ, தோல் சிவந்திருந்தாலோ அது பருவத்தின் வேலையன்று; மிருக வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம்.

ஒருநாள் பக்கத்து மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், இதை நாய்க்காகச் செய்யறீங்களா, சோபாவுக்காகச் செய்யறீங்களா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் தர்ம சாஸ்திரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு நற்செயலில் நம் சௌகரியமும் கலந்திருந்தால் அது நற்செயல்தானா? மாடியில் நூறு இழை உதிர்ந்தால் கூடத்தில் நூறு இழை குறையும். மணிக்கும் நமைச்சல் குறையும். இரண்டு லாபமும் ஒரே சீப்பில் வருகிறபோது மனம் எதை நாடிச் செய்தது என்று மனத்துக்கே தெரியாது.

நானும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு நன்மைகளும் ஒரே பாதையில் போகும்வரை நோக்கத்தைச் சோதிக்க வழியில்லை. பாதை பிரியும் இடம் ஒன்று வரும். அங்கேதான் மனிதன் யாரென்று தெரியும்.

அப்படி ஓர் இடம், மொட்டை அடிப்பது. எங்கள் தெருவிலேயே ஒருவர் அக்கினி நட்சத்திரம் தொடங்குமுன் தம் சடைநாய்க்கு மிஷின் வைத்து முழுக்க மழித்துவிட்டார். வீடு சுத்தமாயிற்று, "பாவம், வெயிலுக்குக் குளிர்ச்சி" என்று அவர் மனமும் குளிர்ந்தது. ஆனால் நாய் நம்மைப்போல் உடலெங்கும் வேர்த்துக் குளிர்வதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதன் மேல்ரோமம் வெயிலுக்குப் பிடித்த குடை. குடையைப் பிடுங்கிவிட்டால் தோல் நேராக வெயிலைத் தாங்க வேண்டும்; சில நாய்களுக்கு மழித்த ரோமம் பழையபடி ஒழுங்காக முளைப்பதும் இல்லை. அவர் கெட்டவரல்லர். இரக்கம் இருந்தது, எதிரே இருக்கும் உயிர் தம்மைப்போன்றதன்று என்ற அறிவுதான் இல்லை. தனக்குப் புழுங்குவதால் பிறருக்கும் அப்படியே புழுங்கும் என்று நினைக்கும் இரக்கம் பாதி இரக்கம்தான்.

இன்னோர் இடமும் உண்டு. வேறொரு குடும்பம் அடுக்குமாடிக்கு வீடு மாறியது. புது வீட்டில் புதுச் சோபா. ரோமம் ஒத்துவராது என்று நாயை ரயில் நிலையத்துப் பக்கம் விட்டுவிட்டுப் போனார்கள். சில நாள் அது, வருகிற ஒவ்வொரு காரின் பின்னாலும் ஓடிற்று. சீவாத ரோமம் கயிறாகத் திரிந்து தொங்கிற்று. அந்த வீட்டிலும் சீப்பு இருந்தது, சீவியும் இருப்பார்கள். சோபாவுக்காகச் சீவிய சீப்பு அது என்பது அன்றைக்குத்தான் வெளியாயிற்று.

உதிர்ந்த ரோமத்தின்மேல் நமக்கு இருக்கும் அருவருப்பு மிகப் பழையது. திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்திலேயே, நிலையிலிருந்து தாழ்ந்தவர்களைத் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். தலையில் இருக்கும்வரை பூச்சூடுகிறோம். தரையில் விழுந்தால் தீட்டு என்கிறோம். வள்ளுவர் கூசாமல் எழுதிய அந்தச் சொல்லே இன்று நம் தெருக்களில் வசவாகிவிட்டது! ஆனால் உதிர்ந்தது நேற்று நாம் கொஞ்சிய அதே ரோமம்தான். உயிரோடு இருப்பதென்றாலே எதையாவது உதிர்த்துக்கொண்டிருப்பதுதான். உதிராத நாய் வேண்டுமானால் கடையில் பொம்மை விற்கிறார்கள்.

குளிர்தேசத்து நாயை இந்த வெயிலுக்குக் கொண்டு வந்தது முதலில் சரிதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024இல் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்று சொன்னது; அதன்மேல் விவாதமும் எழுந்தது. நம் மண்ணிலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று குட்டை ரோம நாய்கள் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலைகூட வெளியிட்டார்கள். இனி வாங்குகிறவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆனால் வந்துவிட்ட மணியிடம் இந்த வாதம் செல்லாது. அது விண்ணப்பம் போட்டுப் பெருங்களத்தூருக்கு வரவில்லை. நம் ஆசைதான் அதை இங்கே கொண்டுவந்தது. அந்த ஆசை பட்ட கடனைத்தான் நாள்தோறும் சீப்பால் அடைக்கிறோம்.

மகாபாரதத்தின் முடிவில், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்றான் தருமபுத்திரன். பெரிய தியாகம்தான். ஆனால் சுவர்க்கத்தைத் துறக்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்க்கப்போவதில்லை. நமக்கு வாய்ப்பது காலையில் அரை மணி நேரத் தூக்கத்தைத் துறப்பது, நாளைக்கும் உதிரும் என்று தெரிந்தே இன்றைக்குச் சீவுவது, அவ்வளவுதான். பெரியவருக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் இதுவே: சோபாவுக்காகத் தொடங்கினாலும் தவறில்லை. காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உண்ணியைத் தேடி விரல் தானாகப் போகிறதே, அந்த உண்ணியால் சோபாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த நிமிஷத்தில் கை நாய்க்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. மனம் பிறகு மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும்.